முன்னூறு அடிக்குக் கீழே ஒரு திருட்டு

நான் எழுதிய மனு எதுவும் இதுவரை தோற்றதில்லை. தெருவிளக்குக்கு எழுதினேன், எரிந்தது. குப்பைத்தொட்டியை இடம் மாற்றச் சொல்லி எழுதினேன், மறுநாளே மாறியது. அந்தத் திமிரில்தான் பக்கத்துச் சலவையகத்து எஸ்தர்மீதும் எழுதினேன். அதிலும் ஜெயித்தேன். ஜெயித்துத் தொலைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

என் பெயர் தணிகைவேலன். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் பத்திரங்களோடு குப்பை கொட்டிவிட்டு, இப்போது காட்பாடியில் சாரல் என்க்ளேவ் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். தொண்ணூற்றாறு வீடுகள். எல்லாரும் சட்டைப் பொத்தானில் இருக்கிற கருவியிடம் பேசியே கடிதம் அனுப்புகிற காலம் இது. எனக்கு அது ஒத்துவராது. பேனா வேண்டும், தாள் வேண்டும். அதுவும் புதுத் தாளில் ரஃப் எழுதினால் கை கூசும். ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாளின் வெறும் பக்கத்தில்தான் எழுதுவேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாருமே அப்படித்தான். சங்கத்து பீரோவில் கட்டடம் கட்டிய காலத்து அறிக்கை ஒரு கட்டு கிடந்தது. தடிமனான, வழவழப்பான தாள், மை ஊறாது. யாரும் சீந்தாத அந்தக் கட்டை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் குடியிருப்புக்கு ஒரு பெருமை உண்டு. மண் ஏசி. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. என் சிறு வயதில் நாற்பத்திரண்டு டிகிரி என்றால் செய்தித்தாளில் போடுவார்கள். இப்போது சித்திரையில் நாற்பத்தெட்டு. பழைய ஏசிகள் தெருவில் அனலைக் கக்கித் தெருவையே அடுப்பாக்கியதால் அரசாங்கம் அவற்றை நிறுத்திவிட்டது. இப்போதெல்லாம் மண்தான் கதி. கட்டடத்துக்கு அடியில் நாற்பது துளைகள், ஒவ்வொன்றும் முன்னூறு அடி. அவற்றுக்குள் குழாய், குழாய்க்குள் தண்ணீர். வீட்டுச் சூட்டைச் சுமந்துகொண்டு தண்ணீர் கீழே போகும், மண்ணில் இறக்கி வைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு மேலே வரும். வீடு குளுகுளுவென்று இருக்கும்.

போன வருஷம் ஐப்பசியில் பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்ளும் இர்ஃபான் என்னைக் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினான்.

"சார், நம்ம மண்ணு பத்து வருஷமா முப்பத்தொண்ணு டிகிரியிலயே நிக்குது. கணக்குப்படி எப்பவோ நாப்பதத் தாண்டியிருக்கணும்."

"நம்ம மண்ணோட ராசிப்பா."

"ராசியெல்லாம் இல்ல சார். நாம இறக்குற சூடு நிக்காம கிழக்கால போகுது. சுவத்துக்கு அந்தாண்ட எஸ்தரக்கா ஆறு துளை போட்டு வச்சிருக்காங்கல்ல? துணி தொவைக்கச் சுடுதண்ணி வேணும்ல, அதுக்கு இழுத்துக்கறாங்க."

"யாரோட சூட்ட?"

"நம்ம சூடுதான் சார்."

"கேட்டுட்டு எடுத்தாங்களா?"

"என்கிட்ட கேக்கல. ஆனா சார்..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. என் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் ஒலித்துக்கொண்டிருந்தது. திருட்டு!

எஸ்தர் சலவையகத்தை எங்கள் பால்கனியிலிருந்தே பார்க்கலாம். ஊரிலிருக்கும் பெரிய மருத்துவமனை ஒன்றின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கும். ஐம்பது வயது எஸ்தரும் ஏழு பெண்களும் விடிந்ததிலிருந்து துவைத்து, வரிசை வரிசையாய்க் கொடியில் போடுவார்கள். அது எங்கள் ஆட்களில் சிலருக்குக் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "லட்சலட்சமா கொட்டி வீடு வாங்கிட்டு ஆஸ்பத்திரி பெட்ஷீட்ட பாத்துக்கிட்டு காப்பி குடிக்கணுமா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போது கிடைத்துவிட்டது.

நிலத்தடி வெப்ப உரிமைச் சட்டம் வந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அது. அதற்கென்று தனித் தீர்ப்பாயமும் வந்திருந்தது. நான் பழைய அறிக்கைக் கட்டைப் பிரித்து, நாற்பது பக்கம் ரஃப் எழுதினேன். பூங்கோதை, என் மனைவி, எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நமக்கு வேணாம்னுதான அந்தச் சூட்ட மண்ணுல தள்றோம்? அத அந்தம்மா எடுத்தா உங்களுக்கு எங்க எரியுது?"

"இன்னிக்குச் சூட்ட எடுக்கறவங்க நாளைக்குக் குளுமையையும் எடுப்பாங்க. உனக்குச் சட்டம் தெரியாது."

"எனக்கு எஸ்தரத் தெரியும்," என்றாள் அவள். போய் அரிசி களைந்தாள்.

தீர்ப்பாயத்தில் நான் ஓர் அஸ்திரம் எடுத்தேன் பாருங்கள், என் மேலதிகாரிகள் உயிரோடு இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். பழைய கிரயப் பத்திரங்களில் நிலத்தை விற்கும்போது 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' என்று ஒரு பட்டியல் வரும். நிட்சேபம் என்றால் நாம் புதைத்து வைத்த பொருள். "சூட்டை எங்கள் மண்ணில் நாங்கள் புதைத்து வைத்தோம். ஆகவே அது நிட்சேபம். தோண்டி எடுத்தவர் திருடி," என்றேன். மனுவிலும் அந்த வார்த்தையை அப்படியே, அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

தீர்ப்பாயத் தலைவி எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் வெள்ளைப் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"நான் சூடு எடுத்தது நெசந்தாம்மா. அது யாருக்கும் வேணாம்னு நெனச்சேன். இந்த எடத்துல கட போடுங்கன்னு சொன்னதே, அவங்க கட்டடம் கட்டறப்ப வந்த இஞ்சினியர் அம்மாதான். நானு பாட்டுக்கு விருதம்பட்டுல இருந்தவ."

நான் சட்டென்று எழுந்தேன். "ஆதாரம் இருக்கிறதா? ஒரு தாள்? ஒரு கையெழுத்து?"

"தாளெல்லாம் அவங்க சங்கத்துலயே கீதுன்னு அந்தம்மா சொன்னாங்க."

"நான் எட்டு வருஷமாகச் செயலாளர். அப்படி ஒரு தாள் இருந்தால் என் கண்ணில் படாமலா போகும்?" என்றேன். கூடத்தில் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

தை மாதம் தீர்ப்பு வந்தது. ஆறு துளைகளுக்கும் சீல் வைத்தார்கள். திருட்டுத் தீர்ப்பு வாங்கியவருக்கு விரிப்பு கொடுக்க முடியாது என்று மருத்துவமனை கைவிரித்தது. எஸ்தர் கொடிக்கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனதை நான் பால்கனியில் நின்று பார்த்தேன், கையில் காப்பி டம்ளரோடு. அன்றைக்குக் காப்பி நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் எங்கள் ஒரே மகள் நறுமுகை வளைகாப்பு முடிந்து வந்து சேர்ந்தாள். கைநிறைய கண்ணாடி வளையல். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் எந்த நூற்றாண்டும் கைவைக்கவில்லை. ஓசூர்க்காரர்களான சம்பந்தி வீட்டாருக்கு அனுப்ப மனமே இல்லை. "எங்க ஊர்ல இவ்ளோ வெயில் கெடயாது," என்றார் சம்பந்தியம்மா. "எங்கள் வீட்டில் ஊர் வெயில் நுழையாது," என்றேன் நான். பூங்கோதை இரண்டு மாதமாகப் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துக் குழந்தைத் துணி தைத்து, தூளி கட்டக் கொக்கி மாட்டி, அந்த அறைக்குள் என்னைச் செருப்போடு விடாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை பிறந்ததும் வீட்டில் ஏதோ சரியில்லை. முதலில் இருபத்தாறு. பிறகு இருபத்தெட்டு. கத்திரி வெயில் தொடங்கிய அன்று முப்பத்திரண்டு. நறுமுகை நனைந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பம்ப் ரூமிலிருந்து 'க்ளிக்' என்று ஒரு சத்தம். தொண்ணூற்றாறு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. ஐயோ, அந்த அனல்! இட்லிப்பானை மூடியைத் திறந்து முகத்தை வைத்ததுபோல் அடித்தது.

இர்ஃபான் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மண் நாற்பத்தொன்று.

"சூடான மண்ணுல சூட்ட எப்படி சார் எறக்கறது? மிஷின் திணறி நின்னுடுச்சு."

"பத்து வருஷமா ஆகாதது இப்ப எப்படிப்பா ஆச்சு?"

"மண்ணு ஒரு குடோன் மாதிரி சார். நாம முன்பக்கமா மூட்டைய எறக்கிக்கிட்டே இருந்தோம். எஸ்தரக்கா பின்பக்கமா தூக்கிட்டுப் போயிக்கிட்டே இருந்தாங்க. இப்பத் தூக்க ஆளில்ல. குடோன் ரொம்பிடுச்சு."

"இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"ஆனான்னு ஆரம்பிச்சேன் சார்," என்றான் அவன். "நீங்க அதுக்குள்ள மாடிப்படி ஏறிட்டீங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். பூங்கோதை மகளுக்கு விசிறிக்கொண்டே கேட்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"தன் வினை தன்னைச் சுடும்னு சொல்லுவாங்க. உங்க வினை எம்பொண்ணயில்ல சுடுது," என்றாள்.

அன்று மாலையே ஓசூரிலிருந்து சம்பந்தி பேசினார். "டாக்டர் பயப்படறாங்க சம்பந்தி. ஞாயித்துக்கிழம வரைக்கும் பாக்கறோம். சரியாகலன்னா நாங்களே வந்து கூட்டிட்டுப் போயிடறோம். தப்பா நெனச்சுக்காதீங்க." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் மண்ணைக் குறை சொல்ல முடியுமா?

அது செவ்வாய்க்கிழமை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். பேனாவைத் திறந்தேன். கட்டிலிருந்து அடுத்த தாளை உருவி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று தொடங்கி ஒரு பக்கம் நிறைய. சுத்தப் பிரதி எடுக்க நேரமில்லை. அந்தத் தாளையே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விருதம்பட்டுக்குப் போனேன்.

எஸ்தர் வீட்டு வாசலில் ஓர் அண்டா, அதன் அடியில் விறகு. நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் விறகு வைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்பிள்ளை. ஏழு பேரில் இரண்டு பேர்தான் கூட இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி துடுப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இன்னா சார், இங்கயும் எதுனா சூடு கீதா, எடுத்துட்டுப் போறதுக்கு?" என்றாள் எஸ்தர்.

நான் உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். மண் நாற்பத்தொன்று ஆனது, மெஷின் நின்றது, மகள் நிறைமாதமாக இருப்பது, ஞாயிற்றுக்கிழமை வண்டி வருவது.

அவள் முகம் மகள் பேச்சு வந்ததும் கொஞ்சம் இளகியது. பிறகு இறுகிவிட்டது.

"பாப்பாவ நெனச்சா பாவமாத்தான் கீது. ஆனா நான் வந்து எடுத்தா அது திருட்டாச்சே சார். கோர்ட்டே சொல்லிச்சே. எங்கூட இருந்த பொண்ணுங்கள இப்ப எந்த வூட்லயும் வேலைக்கு வக்கமாட்டேங்கறாங்க. திருடி கடையில இருந்தவளான்னு கேக்கறாங்க."

சட்டைப் பையில் கைவிட்டேன். கடிதத்தை நீட்டினேன். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினாள். உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முடித்தாள்.

பிறகு தாளைத் திருப்பினாள்.

மறுபடியும் உதடு அசைந்தது. அந்தப் பக்கத்தில் அச்செழுத்து. இவள் எதற்கு அதைப் படிக்கிறாள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் சத்தமாக முதலிலிருந்து படித்தாள்.

"முக்கியக் குறிப்பு. கிழக்குச் சுவரை ஒட்டிய சலவையகத்தின் ஆறு துளைகளும் இந்த அமைப்பின் பகுதியே. எங்கள் வேண்டுகோளை ஏற்று, திருமதி எஸ்தர் அவர்கள் தமது கடையை இங்கே மாற்றச் சம்மதித்துள்ளார். சலவை நின்றால் ஒரே கோடையில் மண் சூடேறி இயந்திரம் நின்றுவிடும். எக்காரணம் கொண்டும் அவரை அப்புறப்படுத்தக் கூடாது."

கீழே பொறியாளர் கையெழுத்து. பக்கம் நாற்பத்தொன்று.

முதல் நாற்பது பக்கங்களின் முதுகில்தான் நான் எஸ்தர்மேல் மனு எழுதியிருந்தேன். 'தாள் இருந்தால் என் கண்ணில் படாமலா போகும்' என்று கேட்டேனே, அன்றைக்கு அது என் மேஜையில், என் ரஃப் முடிந்த இடத்துக்கு அடுத்த தாளாக இருந்திருக்கிறது. அண்டாவுக்குப் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தேன், கல் சுட்டது, எழுந்திருக்கவில்லை.

"இத நீங்க படிக்கவே இல்லியா சார்?"

"இல்லம்மா."

எஸ்தர் சிரித்தாள். முதலில் மெல்ல. பிறகு கண்ணில் தண்ணீர் வருமளவு. கோபமும் அந்தச் சிரிப்புக்குள்தான் இருந்தது.

"நான் எட்டாவதோட நின்னவ சார். ஆனா துணின்னு கையில வந்தா ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டுத்தான் தண்ணியில போடுவேன். கற எந்தப் பக்கம் கீதுன்னு தெரியாம தொவச்சா எப்டி? திருப்பிப் பாக்காதவ எங்க கடையில ஒரு நாள் நிக்க முடியாது." தாளை நீட்டினாள். "இதுல திருமதின்னு போட்டுக்கீறாங்க. நீங்க திருடின்னு போட்டீங்க. மொதல்ல அதப் போயி அழிச்சுட்டு வாங்க. அப்பால மெஷின் போடறேன்."

வியாழக்கிழமை அவசர மனுவோடு தீர்ப்பாயத்தில் நின்றேன். முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் என் மனுவை நானே எதிர்த்து எழுதியது அதுதான் முதல் தடவை. தீர்ப்பாயத் தலைவி தாளைக் கையில் வாங்கி, "எந்தப் பக்கத்தை நான் படிக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும், அம்மா. சத்தமாகப் படித்தால் நல்லது," என்றேன்.

படித்தார். கூடம் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து. எஸ்தரும் ஏழு பெண்களும் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அடிக்கோடிட்ட அந்த வார்த்தையை என் கையாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார் தலைவி. போட்டேன். எழுத்து கோணலாக வந்தது.

அன்று மாலையே சீல் உடைந்தது; தீர்ப்பு மாறியதும் மருத்துவமனையும் விரிப்பு மூட்டைகளைத் திரும்ப அனுப்பியது. சலவையகத்திலிருந்து ஆவி எழும்பியதைப் பார்க்கத் தொண்ணூற்றாறு வீட்டு ஜனமும் பால்கனிக்கு வந்தது. பெட்ஷீட்டைப் பார்த்துக் காப்பி குடிக்க மாட்டேன் என்றவர்தான் முதலில் கைதட்டினார். நான் பம்ப் ரூமுக்கு ஓடினேன்.

"எறங்குது சார்," என்றான் இர்ஃபான். "நாப்பது புள்ளி ஒம்பது."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மெஷின் ஓடுமா?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நாலு மாசம் சேந்த சூடு சார். நாலு நாள்ல போகாது. ஆடி ஆயிடும்."

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. நான்தான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நறுமுகை, "ப்பா, நீங்க எதுக்கு அழறீங்க, ஓசூர் என்ன அமெரிக்காவா?" என்றாள். அவளும் அழுதாள். பூங்கோதை தைத்து வைத்திருந்த துணிகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். தூளிக் கொக்கியை மட்டும் கழற்றவில்லை. அன்றிரவு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பதினோரு நாளும் பேசவில்லை. வைகாசிக் கடைசியில் ஓசூரில் பெண் குழந்தை பிறந்தது. சம்பந்தியம்மாதான் முதலில் கையில் வாங்கினார். அந்தப் படத்தைப் பார்த்தபோது பூங்கோதை சந்தோஷத்தில் அழுதாளா, வருத்தத்தில் அழுதாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஆவணியில் நறுமுகை குழந்தையோடு வந்தாள். மண் முப்பத்து மூன்று, வீடு இருபத்தைந்து. கொக்கியில் தூளி ஏறியது. கிழக்கே வரிசையாக விரிப்புகள் ஆடின. இப்போதெல்லாம் ஒரு நாள் கொடியில் துணி குறைந்தால்கூட எங்கள் ஆட்களுக்குப் பதறிவிடுகிறது. "எஸ்தரம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, போய்ப் பாருங்க சார்," என்று என்னைத்தான் துரத்துகிறார்கள். நான் போகும்போதெல்லாம் எஸ்தர் ஏதாவது ஒரு துணியை எடுத்து, என் கண்முன்னால் வேண்டுமென்றே நிதானமாக முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். எட்டு பேரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

புரட்டாசியில் ஒரு காலை. எஸ்தர் வெளுத்துக் கொடுத்த விரிப்பில் குழந்தையை மல்லாக்கப் போட்டுவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் வரி பற்றி ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தை ஒரு காலைத் தூக்கினாள். முக்கினாள். முகம் சிவந்தது. சட்டென்று ஒரு புரளல், குப்புற விழுந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"பூங்கோதை! நறுமுகை! ஓடி வாங்க! குப்புற விழுந்துட்டா!" என்று நான் போட்ட கூச்சல் சலவையகம்வரை கேட்டிருக்கும்.

பூங்கோதை கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்தாள். பேத்தியை வாரி எடுத்து முத்தம் கொடுத்துக் கொஞ்சியது முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"பொறந்ததுதான் அங்க. திரும்பினது நம்ம வீட்லதான். போங்க, எஸ்தருக்கும் சொல்லிட்டு வாங்க, குப்புற விழுந்ததுக்குக் கொழுக்கட்ட செய்யறேன்," என்றாள். பிறகு குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். "நாலு மாசத்துல திரும்பணும்னு இதுக்குத் தெரியுது. உங்க தாத்தாவுக்கு அறுவத்தெட்டு வருஷம் ஆச்சுடி."

நான் எழுதிக்கொண்டிருந்த தாளை எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து வைத்தேன். எஸ்தரிடம் சொல்லக் கிளம்பினேன்.